மாதா படத்துக்குக் கீழே எரிந்த லைற்

கராஜில் நடந்த பிரியாவிடைக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, மீன் ரோல்ஸ் தந்து, "நானாவின் கையால் போன வேலை ஒன்றும் திரும்பி வந்ததில்லை" என்று பேசினீர்கள். ரோல்ஸ் நன்றாக இருந்தது. பேச்சு சுத்தப் பொய். வேலை திரும்பி வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆள் வெளிநாடு போயிருப்பார், பைக்கை விற்றிருப்பார், அல்லது என்னைத் திட்டிக்கொண்டு அடுத்த தெருக் கராஜுக்குப் போயிருப்பார்.

ஒரு வேலை மட்டும் திரும்பி வரும்வரை காத்திருக்காமல் நானே அதைத் துரத்திக்கொண்டு போனேன். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். போன வாரம் கராஜுக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாடிக்கையாளரிடம் "அது ஒண்டுமில்லை அண்ணை, ஓடுங்கோ" என்று சொன்னது காதில் விழுந்தது. யார் என்று சொல்ல மாட்டேன். அந்த வசனம் எனக்குச் சொந்தமானது. நான் அதை எப்படிப் பாவித்தேன் என்று தெரிந்துகொண்டு நீங்கள் பாவியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் மன்னார்த் தீவின் தாராபுரத்து முஸ்லிம், அதனால்தான் எல்லோருக்கும் நானா. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் தொழில் பழகினேன், ஊர் திரும்பி மன்னார் ரவுணில் இதே கராஜில் கிழவனானேன். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம், எங்கே கோளாறு என்று சொல்லுவேன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அதைப் பரப்பியதும் நான்தான். பிறகு ஏபிஎஸ் வைத்த பைக்குகள் வரத் தொடங்கின. அதில் சத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மீற்றரில் ஒரு சின்ன மஞ்சள் லைற் மட்டும்தான்.

இதைப் படிப்பிக்கப் பைக் கம்பனிக்காரர் வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பினார்கள். என் கடைசி மகளின் வயது இருக்கும். இரண்டு நாள் வகுப்பு. முதல் நாள் கவனமாகத்தான் கேட்டேன். பிறேக்கை இறுக்கிப் பிடித்தால் சில்லு உருளாமல் நின்றுவிடும். உருளாத சில்லு வழுக்கும். வழுக்கும் பைக்கை யாராலும் திருப்ப முடியாது. சில்லு நிற்கப் போகிறது என்று தெரிந்தவுடன் ஏபிஎஸ் பிறேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அது தெரிவதற்காகச் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு சென்சர், அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று. இவ்வளவும் முதல் நாள். இரண்டாம் நாள் மத்தியானம் புரியாணி. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு வசனம்தான் நினைவிருக்கிறது: "சேர், முகத்தைக் கழுவிட்டு வந்து மிச்ச நித்திரையைக் கொள்ளுங்கோ." எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். அதற்காக அவள்மேல் ஒரு கடுப்பு வைத்திருந்தேன்.

அந்த வருடம் ஆவணியில் பேசாலை அந்தோனி வந்தார். சொந்தமாக வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர். கூடவே மனைவி மேரி, மேரியின் இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. கலியாணம் முடித்து எட்டு வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. மடு மாதாவிடம் நேர்த்தி வைத்திருந்தார்கள், முதல் ஆவணித் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு கிழமை தங்குவதாக.

மடுவில் தங்குவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மரத்துக்குக் கீழே படங்கு கட்டி, அடுப்பு மூட்டி, வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிற அலுவல். மற்றவர்கள் லொறி பிடிப்பார்கள், உழவு இயந்திரத்தில் பெட்டி கொழுவுவார்கள். அந்தோனிக்குப் புது ஏபிஎஸ் பைக் இருந்தது.

"பின்னுக்கு ஒரு பெரிய பெட்டி, ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு பெட்டி. பூட்டித் தாங்கோ நானா, நாளைக்குக் காலமை போகவேணும்" என்றார்.

"பெட்டிக்குள்ள என்ன வைக்கப் போறீங்கள்?"

"சும்மா, பிள்ளையின்ர உடுப்புத்தான்."

மேரி சிரித்துவிட்டாள். "பிள்ளை காஸ் சிலிண்டரும் உடுத்துமாம் நானா, கேளுங்கோ."

எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதியிருக்கும். நம் ஆட்கள் அதைச் சவாலாகத்தான் எடுப்பார்கள். பாரமானதைப் பக்கப் பெட்டிகளில் அடியில் வையுங்கள், பின்பெட்டியில் லேசானதை மட்டும் வையுங்கள், தீவை விட்டுப் போகிற பாலத்தில் சோளகக் காற்று பெட்டியில் அடித்துத் தள்ளும், மெதுவாகப் போங்கள் என்றெல்லாம் சொன்னேன். அதுவரை நான் நல்ல மெக்கானிக்தான்.

பெட்டி பூட்ட முதல் இன்னொரு வேலை பார்த்தேன். வகுப்பில் கற்றதை யாருக்காவது காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்தோனியைக் கடற்கரைப் பக்கம் மணல் மூடிய ஒழுங்கைக்குக் கூட்டிப்போய், "ஓடிவந்து ரெண்டு பிறேக்கையும் இருக்கிற பலம் முழுக்கப் போட்டு அமத்து" என்றேன். மனுசன் பயந்து பயந்து அமத்தினார். பைக் கடகடவென்று நடுங்கி, ஒரு பக்கமும் சாயாமல் நேரே நின்றது. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஏழெட்டுத் தடவை ஓடி ஓடி அமத்தினார். "இனி யோசிக்கவே தேவையில்ல. என்ன குறுக்க வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அமத்து, மிச்சத்தை பைக் பாத்துக்கொள்ளும்" என்று நான் உபதேசமும் செய்தேன்.

அதற்குப் பிறகுதான் கராஜுக்கு வந்து பெட்டிகளுக்கான இரும்புச் சட்டத்தைப் பூட்டினேன். பின் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் வயர் இடைஞ்சலாக இருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் போல்டை இறுக்கினேன். கை அவசரத்தில் இருந்தது. வாய் வேறு ஒரு வாடிக்கையாளரோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். சாவி போட்டவுடன் எரிகிற மஞ்சள் லைற், பைக் கொஞ்சத் தூரம் ஓடியதும் அணைய வேண்டும். அணையவில்லை. பிறேக்கை மெதுவாகப் பிடித்தேன். பிடித்தது. சரி, பிறேக் வேலை செய்கிறதுதானே என்று இறங்கினேன்.

"நானா, உந்த லைற் ஏன் எரியுது? முந்தி எரியேல்லையே" என்றார் அந்தோனி.

ஏன் எரிகிறது என்று எனக்குத் தெரியாது. "தெரியாது" என்ற சொல் எனக்கு வாயில் வராது. கராஜில் ஆறு பேர் நின்றார்கள். "அது ஒண்டுமில்லை தம்பி. புதுப் பைக். ரெண்டு நாள் ஓடினாத் தன்பாட்டில நிண்டிடும். கண்ணுக்கு இடைஞ்சலா இருந்தா எதையாவது ஒட்டி விடு" என்றேன்.

நான் நினைத்தது கறுப்பு ரேப். அந்தோனி பேர்சைத் திறந்து, பைக்கில் ஒட்டுவதற்கென்று வாங்கி வைத்திருந்த மடு மாதா ஸ்ரிக்கரை எடுத்து, உதட்டில் வைத்து முத்தி செய்து, சரியாக அந்த லைற்றுக்கு மேலே ஒட்டினார். "இனி மாதா பாத்துக்கொள்ளுவா" என்றார். எனக்கும் நிம்மதியாகப் போய்விட்டது. என் வேலையை இன்னொரு சமயத்துக்காரரின் தாயிடம் பாரம் கொடுத்துவிட்டு நான் மஃரிப் தொழுகைக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை வவுனியாப் பிள்ளையிடமிருந்து ஒரு பாகம் விஷயமாகக் கோல் வந்தது. பேசி முடிந்து வைக்கப் போகும்போது, என் பங்குக்கு ஏதோ நவீனமாகக் கேட்கலாம் என்று நினைத்து, "இந்த ஏபிஎஸ் லைற் சில புதுப் பைக்கில நிக்காம எரியுறது வழமைதானே மகள்?" என்றேன்.

"இல்லையே சேர். எங்க எரியுது?"

"நேத்து ஒரு பைக். பெட்டி பூட்டினாப் பிறகு."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். "சட்டம் பூட்டினது பின் சில்லுக்குப் பக்கத்திலயா? வயரைப் பாத்தனீங்களா? லைற் எரிஞ்சா ஏபிஎஸ் முழுக்க நிண்டிட்டுது எண்டு அர்த்தம். ரெண்டாம் நாள் சொன்னனான்."

"சாதாரண பிறேக் பிடிக்குதுதானே மகள்?"

"பிடிக்கும். ஓடுறவருக்கு ஏபிஎஸ் இல்லை எண்டு தெரியுமா?"

அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். கண்ணை மூடிக்கொண்டு அமத்து. பழைய பைக் ஓடுகிறவன்கூடப் பயந்து பயந்து பிடிப்பான். இவர் மணலில், முழுப் பாரத்தோடு, நான் தந்த தைரியத்தில் முழுப் பலத்தையும் போட்டு அமத்துவார். சில்லு இரண்டும் அப்படியே நிற்கும். நடுவில் பத்து மாதப் பிள்ளை.

"அதில எத்தினை பேர் சேர்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரு கைக்குழந்தையும்."

"நிப்பாட்டுங்கோ சேர். எப்பிடியாவது நிப்பாட்டுங்கோ."

அந்தோனிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பேசாலை வீட்டுக்கு அடித்தால், அவர்கள் வெளிக்கிட்டு முக்கால் மணித்தியாலம் ஆகிறது என்றார்கள். இந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான் என்று நீங்களே யோசியுங்கள். பாலத்தடியிலும் வழியிலும் பொலிஸ் நிற்கிறது, திருவிழாக் காலம், இரட்டிப்பாக நிற்கும். ஒரு கோல் எடுத்து, மூன்று பெட்டியும் பானையுமாக ஒரு பைக் வரும், மறித்து வையுங்கள் என்றால் முடிந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் கேட்பார்கள், பின்னேரத்துக்குள் மன்னார் முழுக்க என் பெயர் நாறும். ஒரு பிள்ளையின் உயிரையும் என் பெயரையும் தராசில் வைத்து, பெயர் பக்கம் சாய்ந்துகொண்டுதான் நான் ஹெல்மெட்டை மாட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

என் பழைய பைக்கில் பறந்தேன். பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் நம் ஊர்ப் பிரமுகர்கள் நின்றார்கள்: நான்கு கழுதைகள், றோட்டுக்குக் குறுக்கே, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காற்று கொண்டுவந்து போட்ட மணல் தார் முழுக்கப் பரவியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பிறேக் திருத்திய இந்த நிபுணர், ஒழுங்கையில் ஏழெட்டுத் தடவை பார்த்து ரசித்த அதே காரியத்தைத் தன் ஓட்டைப் பைக்கில் செய்தார். பலம் முழுக்கப் போட்டு அமத்தினார். பைக் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். கழுதைகள் அசையவே இல்லை. ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது.

முழங்கால் கிழிந்து, காற்சட்டை அதைவிட மோசமாகக் கிழிந்திருந்தது. அந்த மணலில் கிடந்தபடியே எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, தனியாக, பாரமில்லாமல் வந்த எனக்கே இந்தக் கதி. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

பைக்கை நிமிர்த்திக்கொண்டு போய், மடு வழியில் முருங்கனில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அந்தப் பைக்கைக் கண்டேன். காணாமல் இருக்க முடியாது. மூன்று பெட்டியும் பிதுங்க, பின்பெட்டிக்கு மேலே படங்கு, படங்குக்கு மேலே கவிழ்த்து வைத்த சோற்றுப் பானை, எல்லாவற்றையும் சுற்றி பழைய சில்லு ரியூப்பைக் கிழித்த கீலத்தால் கட்டு. மேரி மர வாங்கிலில் இருந்துகொண்டு பிள்ளைக்கு வாழைப்பழம் தீத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை என்னைக் கண்டு சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன நானா, காலெல்லாம் ரத்தம்! எங்க போறீங்கள்?" என்று அந்தோனி எழும்பி ஓடிவந்தார்.

"உன்னட்டத்தான் தம்பி. இனி இதில ஏறாத."

சாமானெல்லாம் இறக்கிவிட்டுப் பின் சில்லடியில் குந்தினேன். வயர் அங்கேதான் இருந்தது. நான் பூட்டிய சட்டத்துக்கும் நான் இறுக்கிய போல்டுக்கும் நடுவில் நசுங்கி, செம்பு வெளியே தெரிந்தது. வவுனியாப் பிள்ளைக்குப் போன் அடித்து, "வயரை முறுக்கி ரேப் சுத்தி விடட்டா?" என்று கேட்டேன்.

"சுத்தலாம் சேர். சில நேரம் லைற்றும் நிக்கும். பிறகு உங்கட பேரப்பிள்ளைய அதில ஏத்துவீங்களா?"

போனை வைத்தேன். என் தலைக்கு மேலே புருசனும் பெண்சாதியும் சண்டை. மேரி பொரிந்து தள்ளினாள். "அப்பவே சொன்னனான், காஸ் சிலிண்டர் வேண்டாம், அரிசி அங்க வாங்கலாம் எண்டு. கேட்டீங்களா? பாரம் அமத்தித்தான் வயர் அறுந்து கிடக்கு. பிள்ளையைக் கொல்லப் பாத்தீங்கள்!"

அந்தோனியின் முகம் செத்துப் போயிருந்தது. என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "பாரம் கூடினதாலதான் நானா?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்தத் தொழிலில் உங்களுக்கு இப்படியொரு நிமிடம் கட்டாயம் வரும். "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாரம் உண்மையாகவே கூடத்தான். சட்டமும் கொஞ்சம் பதிந்துதான் இருந்தது. அவரே கேட்கிறார், அவருடைய மனைவியே சாட்சி. வயர் எங்கே, எதால் நசுங்கியது என்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் எனக்கு நன்றி சொல்லியிருப்பார்கள், தேத்தண்ணியும் வாங்கித் தந்திருப்பார்கள்.

சத்தியமாக, நான் வாயைத் திறந்தது "ஓம்" சொல்லத்தான். அந்தோனி அதற்குள் இன்னொன்றைச் சொன்னார், என்னிடம் அல்ல, மேரியிடம்: "நான் மடுவில எங்கட ஆக்களுக்குக் காட்டுவம் எண்டு இருந்தன். உன்னையும் பிள்ளையையும் வச்சுக்கொண்டே மணலில ஓடிவந்து அமத்தி. நானா காட்டித்தந்த மாதிரி."

நான் நசுங்கிய வயரை இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி இழுத்துப் பிடித்தேன்.

"பாரத்தால இல்ல" என்றேன். "நேத்து நான் போல்ட் இறுக்கேக்க வயர் உள்ளுக்க அம்பிட்டது. அதுக்குத்தான் லைற் எரிஞ்சது. ஏன் எரியுது எண்டு எனக்குத் தெரியேல்ல. தெரியாதெண்டு சொல்ல வெக்கத்தில ஒண்டுமில்லை எண்டனான். இதில இப்ப ஏபிஎஸ் இல்ல. நேத்தே இல்ல. பிழை என்னில."

அந்தோனி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். நெஞ்சும் கையும் வள்ளம் இழுத்து முறுகிய மனுசன், ஒரு அடியே போதும். அவர் அடிக்கவில்லை. மீற்றரில் ஒட்டியிருந்த மாதாவை நகத்தால் மெதுவாக உரித்தெடுத்து, சட்டைப் பையில் வைத்தார்.

திருவிழா பஸ் ஒன்று வந்தது. கால் வைக்க இடமில்லாத பஸ், ஆனாலும் மடுவுக்குப் போகிற பஸ்ஸில் பானைக்கு எப்படியோ இடம் வரும். சிலிண்டரை மட்டும் நடத்துநர் ஏற்ற மறுத்தார், அது தேத்தண்ணிக் கடையில் நின்றது. என் பைக்கையும் அங்கேயே விட்டுவிட்டு, அவர்களுடைய பைக்கை வெறுமையாக, மாட்டு வண்டி முந்திப்போகிற வேகத்தில் கராஜுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். அந்தோனி சாவியைத் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேரி யன்னலோரம் இடம் பிடித்துவிட்டாள். பிள்ளை யன்னல் கம்பியைச் சப்பிக்கொண்டிருந்தது. பஸ் வெளிக்கிட முதல் என்னைக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. சந்தையில் மீன் விலை கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"நாங்கள் விழுந்திருந்தா, ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பீங்கள் என்ன நானா?"

"கட்டாயம் வந்திருப்பன் பிள்ளை."

"வந்து என்ன சொல்லியிருப்பீங்கள்?"

பஸ் போய்விட்டது. என்னிடம் பதில் இருந்தது. பாலத்தடி மணலில் கிடந்தபோது தெரிந்த இரண்டாவது விஷயம் அதுதான்: அவர்கள் ஏற்கெனவே விழுந்திருந்தால் என்ன சொல்வது என்று என் மனம் அதற்குள் வசனம் தயாரித்து முடித்திருந்தது. 'பாவம், நான் சொல்லச் சொல்லக் கேளாமல் பாரம் கூட ஏத்தினவர்.' கட்டிலடியில் நின்று, அந்தோனியின் தோளைப் பிடித்துக்கொண்டு, உண்மையான கண்ணீரோடு சொல்லியிருப்பேன். அவர் நம்பியிருப்பார். சாகும்வரை தன்னைத்தான் நொந்திருப்பார்.